எறிந்த காசைப் பொறுக்கியவள்

அந்தக் காசை முதலில் பொறுக்கியது நான்தான். கூட்டி அள்ளி, கழுவி, தயிர் வாங்கிய ஒரு வெறும் பேணியில் போட்டு அவன் கையில் கொடுத்ததும் நான்தான். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதை விட்டுவிட்டு மீதியை எழுதினால் என்னை நல்லவள் என்று நினைத்துவிடுவீர்கள்.

இத்தாலியில், பலேர்மோவுக்கு வந்து அது நாலாவது வருடம். காலையில் சீசா என்ற பகுதியில் ஒரு சின்யோரா வீட்டில் வேலை. இங்கே அம்மா என்பதற்குச் சின்யோரா என்பார்கள். பின்னேரத்தில் நகரத்தின் ஓரத்தில் இருந்த ஒரு பேஸ்போல் மைதானத்தில் துப்புரவு வேலை. உடைமாற்றும் அறை, கழிப்பறை, பார்வையாளர் படிகள் எல்லாம் என் பொறுப்பு. இருபது பேரின் சீருடையில் ஒட்டிய செம்மண்ணைத் தோய்த்து எடுப்பதும் நான்தான். என் மனிதர், என்னைக் கட்டியவர், துறைமுகத்தில் நேப்பிள்ஸ் கப்பலுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் உழைத்தால்தான் வாடகை போகும்.

அந்த விளையாட்டு எனக்கு ஒரே நாளில் விளங்கிவிட்டது. இலங்கையில், பள்ளிக்கூடத்தில் நான் எல்லே விளையாடியவள். தடியால் பந்தை அடித்துவிட்டுக் கம்பங்களைச் சுற்றி ஓடிவருவது. ஒரே ஒரு வித்தியாசம். எல்லேயில் பந்தைப் போட்டுக் கொடுப்பவர் நம்முடைய ஆள். அடிக்க வாகாகத்தான் போடுவார். இதில் எறிபவன் மறுபக்கத்து ஆள். ஏமாற்றத்தான் எறிவான். எனக்கு அது பிடித்திருந்தது. உலகம் அப்படித்தான் என்று எனக்கு முன்பே தெரியும்.

அந்த வருடம் வசந்தத்தில் ஒரு புது எறிவாளன் வந்தான். அமெரிக்காக்காரன். இருபத்தாறு வயது இருக்கும். இடது கைக்காரன், உயரம், மெலிவு, எந்நேரமும் தோல் உரிந்த மூக்கு. அவன் எறிந்தால் பந்து நேராக வருவது போல வந்து கடைசி நேரத்தில் கீழே விழும். அடிப்பவன் காற்றை அடித்துவிட்டுத் தன் தடியைப் பார்ப்பான். தொடர்ந்து ஆறு ஆட்டத்தில் கழகம் வென்றது. கடந்த வருடம் நாய்கூட வராத படிகளில் அந்த வருடம் சனம் வந்தது. குப்பையும் கூடியது. அதற்காக அவனை எனக்குப் பிடிக்காமல் போனது உண்மை.

அவன் யூதன் என்று வாசலில் கோப்பி விற்பவன் சொன்னான். அதை நான் அன்றிரவுச் சாப்பாட்டில் மனிதருக்குச் சொன்னேன். அவர் றொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"கிபிர் ஆரின்ரை பிளேன் எண்டு தெரியும்தானே உமக்கு?"

"தெரியும்."

"செய்து குடுத்தது அவையள். மேலாலை வந்து கொட்டினது எங்கடை நாட்டு ஆமிக்காரங்கள். அவ்வளவுதான் வித்தியாசம்."

"இவன் பந்து எறியிறவனப்பா."

"ஓம், பந்து. அவங்கள் குண்டு எண்டு சொல்லியே எறிஞ்சவங்கள்?"

போர் நேரம் வன்னியில் இருந்தவர்களுக்கு கிபிர் என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சத்தம் கேட்டுப் பங்கருக்குள் பாய்வதற்குள் விழுந்துவிடும் குண்டு விமானம். அது இஸ்ரேலில் செய்தது. அந்தச் சத்தத்துக்குப் பிறகு எனக்கு யூதன் என்ற சொல்லே பிடிக்காது. இந்த இடது கைக்காரன் அப்போது அமெரிக்காவில் ஏதோ பள்ளிக்கூட வாங்குப் பலகையில் இருந்திருப்பான். அது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் நான் அவனை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். சந்தேகப்படுவது எங்களுக்குத் தொழில் மாதிரி. அதுதான் எங்களை உயிரோடு கொண்டுவந்தது என்று நான் நம்பியிருந்தேன்.

பிறகு காசு விழுந்தது.

வேறு ஊர்க் கழகம் ஒன்று வந்திருந்தது. அவர்களுடைய ஆட்கள் ஒரு பஸ் நிறைய வந்து ஓடுகிறவர்கள் தொட்டுவரும் மூன்றாவது தளத்துக்குப் பின்னால் இருந்தார்கள். இவன் எறிவதற்கு நிற்கும் மண்மேட்டில் ஏறினதும் அவர்கள் எழுந்து நின்று காசு எறிந்தார்கள். ஒரு சதம், இரண்டு சதம், செப்புக் காசுகள். வெயிலில் மின்னிக்கொண்டு அவன் காலடியில் விழுந்தன. அவர்கள் சிரித்தார்கள், ஏதோ பாட்டும் பாடினார்கள். எங்கள் பக்கத்துப் படிகளிலும் சிலர் சிரித்தார்கள். அவன் குனிந்து பார்க்கவில்லை. எறிந்தான். அடிக்க வந்த மூன்று பேரை வரிசையாக வெளியே அனுப்பினான்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் கூத்தில் ஒருவன் நன்றாக ஆடினால் சனம் மேடைக்கு ஏறிப்போய் அவன் உடுப்பில் தாள் காசு குத்தும். ஏற முடியாதவர்கள் சில்லறையை மேடையில் எறிவார்கள். ஆட்டக்காரனுக்கு அது பெருமை. நான் அதைத்தான் நினைத்தேன். என்ன கெட்டிக்காரன், எதிர்ப்பக்கத்து ஆட்களே காசு எறிகிறார்கள் என்று நினைத்தேன். உடனே இன்னொன்றும் நினைத்தேன். எதிர்ப்பக்கம் ஏன் இவனுக்குக் காசு எறிய வேண்டும்? இவனுக்கும் அவர்களுக்கும் இடையில் என்ன?

ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு தும்புத்தடியால் மேட்டைக் கூட்டினேன். அதில் ஒரு சதத்தையும் நான் எடுக்கவில்லை. அடுத்தவன் காசு. கழுவித் துடைத்துப் பேணியில் போட்டு அடுத்த பயிற்சி நாளில் அவனிடம் நீட்டினேன்.

இத்தாலியனில் கதைத்ததை எல்லாம் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். அவனுக்கும் இத்தாலியன் உடைசல், எனக்கும் உடைசல். அதனால்தான் எங்கள் இருவருக்கும் ஒருவரை ஒருவர் விளங்கியது.

"உன்ரை காசு," என்றேன். "உனக்கெண்டு எறிஞ்சது. ஒண்டும் குறையாது."

அவன் பேணிக்குள் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். கனநேரம் பார்த்தான். காது சிவந்தது.

"கழுவினீங்களா, சின்யோரா?"

"மண்ணாய்க் கிடந்தது. கழுவாமல் எப்பிடித் தாறது?"

"நன்றி," என்றான். பேணியைத் தன் அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டுப் போய்விட்டான். அங்கேயே இருந்தது. பிறகு மூன்று ஆட்டத்தில் காசு விழுந்தது. மூன்று முறையும் நான் கழுவிப் போட்டேன். அவன் ஒரு நாளும் அதைத் தொடவில்லை. காசைத் தொடாதவனுக்கு வேறு எங்கேயோ இருந்து காசு வருகிறது என்று நான் முடிவு கட்டினேன்.

செப்டெம்பரில் இரண்டு கிழவர்கள் வரத் தொடங்கினார்கள். அந்த வெக்கையிலும் கோட்டுப் போட்டவர்கள். ஒருவருக்குக் கைத்தடி. அவர்கள் ஆட்டம் பார்க்க உள்ளே வரவில்லை. பயிற்சி முடியும் நேரம் பார்த்து வண்டிகள் நிறுத்தும் இடத்தில், சுவரோரமாக நிற்பார்கள். இவன் வெளியே வந்ததும் மூன்று பேரும் தலையைக் கிட்ட வைத்துக் கதைப்பார்கள். நான் குப்பைப் பையோடு அந்தப் பக்கம் போனால் கதை நின்றுவிடும். கைத்தடிக்காரர் எனக்கு வணக்கம் சொல்லுவார். எங்கள் நாட்டில், நான் கிட்டப் போனதும் கதையை நிறுத்திவிட்டு வணக்கம் சொன்னவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை கைத்தடிக்காரர் ஒரு நீலத் துணிப்பையை அவனிடம் கொடுத்தார். இவன் வேண்டாம் என்று கையால் மறித்தான். கிழவர் அவன் கையைப் பிடித்துப் பையை வைத்து மூடினார். இவன் சுற்றிப் பார்த்தான். என்னைக் கண்டான். பையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை, அவன் கழகத் தலைவரிடம் போய்ச் சொன்னான்: சனிக்கிழமை என்னால் எறிய முடியாது.

சனியும் ஞாயிறும்தான் அந்த வருடத்தின் பெரிய ஆட்டங்கள். இரண்டில் ஒன்றை வென்றாலே கழகம் மேல் பிரிவுக்குப் போகும். எதிரே வருவது யார்? முதல் காசு எறிந்த அதே ஊர்க்காரர். சனிக்கிழமை தனக்கு விரத நாள் என்றான். வருடத்தில் ஒரே ஒரு நாள் என்றான். உடைமாற்றும் அறையில் சத்தம் கிளம்பியது. நான் பக்கத்துக் கழிப்பறையில் நிலத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். எல்லாம் கேட்டது.

"விரதமாம். போன மாசம் பன்றிச் சொசேஜ் திண்டவன்."

"திண்டனான்," என்றான் இவன். "நான் நல்ல யூதன் எண்டு ஆரும் சொல்லேல்லை. இந்த ஒரு நாளை விடமாட்டன், அவ்வளவுதான்."

"எவ்வளவு தந்தவங்கள் உனக்கு?"

அதைக் கேட்டது யார் என்று தெரியாது. கதவு அடிபட்ட சத்தம் கேட்டது.

தலைவர் என்னைக் கூப்பிட்டார். அவர் பகேரியா என்ற பக்கத்து ஊரில் இருந்து பெரிய காரில் வருகிறவர். நாலு வருடத்தில் என்னோடு இருந்து கதைத்தது அதுதான் முதல் தடவை. கதிரை தந்தார். கோப்பி தந்தார்.

"நீ இஞ்சை எல்லாத்தையும் பாக்கிறனி. அவனோடை ஆர் கதைக்க வாறது?"

அவர் என்னை மிரட்டவில்லை. வேலையைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. இதைத் தெளிவாக எழுத வேண்டும், ஏனென்றால் பிறகு பலர் எனக்காகப் பரிதாபப்பட்டு, பயத்தில்தான் நான் சொன்னேன் என்று கதை கட்டினார்கள். பயம் இல்லை. நாலு மாதமாக நான் சேர்த்து வைத்த சந்தேகத்தை ஒருவர் கோப்பி தந்து கேட்டார். எனக்கு அது சந்தோசமாக இருந்தது. கிழவர்களைச் சொன்னேன். சுவரோரத்தைச் சொன்னேன். நீலப் பையைச் சொன்னேன்.

"பைக்குள்ளை என்ன?"

"காசு," என்றேன். "காசாய்த்தான் இருக்கும்" என்று சொல்லவில்லை. "காசு" என்றேன்.

தலைவர் எழுந்துபோய் அவனைக் கூட்டிவந்தார். எனக்கு எதிரே நிறுத்தினார். நான் கதிரையில் இருக்கிறேன், அவன் நிற்கிறான்.

"பை வாங்கினது இவன்தானே?" என்று என்னிடம் கேட்டார்.

அவன் என்னைப் பார்த்தான். பேணியை நீட்டியபோது பார்த்தானே, அதே பார்வை.

நான் வாயைத் திறக்கவில்லை. ஓம் என்று தலையை ஆட்டினேன்.

தலைவர் சொன்னார், இதை எழுத்தில் எடுத்து விளையாட்டுச் சங்கத்துக்கு அனுப்பப்போவதாக. காசு வாங்கி ஆட்டத்தை விட்டவன் என்று ஒரு தடவை பதிந்துவிட்டால் இந்த நாட்டில் எந்தக் கழகமும் அவனை எடுக்காது. அவனுடைய நாட்டிலும் எடுக்காது. கடிதம் தயார் செய்வார், சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் நான் கையெழுத்து வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. எனக்கு இன்னொரு கோப்பி வேண்டுமா என்று கேட்டார்.

பஸ்ஸில் இருக்கை கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு தரிப்பிடம் போன பிறகுதான் தம்பி நினைவுக்கு வந்தான்.

போர் முடிந்து முகாமுக்குள் எங்களைக் கொண்டுபோன மூன்றாவது நாள் ஆமிக்காரர் ஆம்பிளைப் பிள்ளைகளை வரிசையில் விட்டார்கள். ஒரு கதிரையில் ஒருவர் இருந்தார். தலையில் சாக்கு. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஒவ்வொருவரையும் அவருக்கு முன்னால் நிறுத்தினார்கள். சாக்குக்குள் இருப்பவர் அசையாமல் இருந்தால் நீ போகலாம். தலையாட்டினால் அந்தப் பக்கம் போக வேண்டும். என் தம்பி நின்றபோது சாக்கு ஆடியது. அவன் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே அந்தப் பக்கம் போனான். இன்றுவரைக்கும் திரும்பி வரவில்லை. எங்கள் சனம் அப்படிப்பட்ட ஆளுக்கு வைத்த பெயர் தலையாட்டி. அதைவிடக் கேவலமான சொல் எங்களிடம் இல்லை. அந்தச் சாக்குக்குள் இருந்தவர் யாராக இருந்தாலும் புழுத்துச் சாக வேண்டும் என்று நான் எத்தனை கோயிலில் மண் அள்ளிப் போட்டிருக்கிறேன்.

எனக்கு யாரும் சாக்குப் போடவில்லை. கோப்பி தந்தார்கள்.

வீட்டில் மனிதருக்குச் சொன்னேன். முதலில் அவர் சிரித்தார். "பாத்தீரோ, நான் அப்பவே சொன்னனான்" என்றார். நான் தலையாட்டியதைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. எழுந்துபோய்க் குழாயைத் திறந்து கையைக் கழுவினார். கழுவின கையையே திரும்பவும் கழுவினார்.

"பையைத் திறந்து பாத்தனீரோ?"

"இல்லை."

"பிறகெப்பிடிக் காசெண்டு சொன்னனீர்?"

"நீங்கள்தானே அவையளைப் பற்றி..."

"நான் ஆயிரம் சொல்லுவன். நான் துறைமுகத்திலை நிண்டு கத்திறவன். நீரல்லோ அங்கை கண்டனீர்." துவாயை எறிந்தார். "போய்க் கேளும். அவனிட்டையே கேளும். காசு வாங்கியிருந்தால் கையெழுத்தை வையும், நானே பேனை வாங்கித் தாறன். இல்லையெண்டால்..."

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் அலுமாரியைக் காலி செய்துகொண்டிருந்தான். தலைவர் அவனை இனி வரவேண்டாம் என்றுவிட்டார். நான் கதவைச் சாத்திவிட்டு நின்றேன். எனக்குச் சுற்றிவளைத்துக் கதைக்கத் தெரியாது.

"நீ காசு வாங்கினியோ?"

"நீங்கள்தானே சொன்னீங்கள் வாங்கினனான் எண்டு."

"நான் பைக்குள்ளை பாக்கேல்லை."

"தெரியும்."

அவன் நீலப் பையை எடுத்து வாங்கில் கொட்டினான். மடித்த வெள்ளைச் சால்வை ஒன்று. கரையில் கறுப்புக் கோடு, மூலைகளில் முடிச்சுப் போட்ட நூல். பழசு, மஞ்சள் பிடித்தது. ஒரு சோடி வெள்ளைத் துணிச் சப்பாத்து. அவ்வளவுதான்.

தோல் சப்பாத்து அன்றைக்குப் போடக்கூடாதாம். கும்பிடும்போது போர்த்த, கைத்தடிக்காரர் தன் அண்ணனுடைய சால்வையைக் கொடுத்திருக்கிறார். அண்ணன் செத்துப்போனார். அவர் இருந்தபோது அவர்கள் பத்துப் பேர். கூட்டாக அந்த வழிபாட்டைச் செய்யப் பத்து ஆம்பிளைகள் இருக்க வேண்டுமாம். ஒன்பது என்றால் கூடி இருக்கலாம், ஆனால் முழுதாகச் செய்ய முடியாது. இந்தப் பெரிய நகரத்தில் அவர்களால் பத்தாவது ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பேப்பரில் ஒரு யூதன் பந்து எறிகிறான் என்று வாசித்துவிட்டு வந்து சுவரோரம் நின்றிருக்கிறார்கள்.

"முதல் மாட்டன் எண்டனான்," என்றான். "நான் கும்பிடுற ஆள் இல்லை, சின்யோரா. ஆனால் அந்த மனிசன் சொன்னார், நாங்கள் உன்னைக் கும்பிடச் சொல்லேல்லை, எண்ணிக்கைக்கு நில் எண்டு. அதுக்கு என்ன சொல்லுறது?"

"ஏன் ஒளிஞ்சு கதைச்சனீங்கள்?"

"அவையளுக்கு ஒளிச்சுத்தான் பழக்கம். அதிலை ஒராள் பார்மசி வைச்சிருக்கிறார். முப்பது வருசம். அவர் யூதன் எண்டு வாங்க வாற ஒருத்தருக்கும் தெரியாது."

பேணியைக் காட்டினேன். "அப்ப அந்தக் காசு?"

அவன் பேணியைப் பார்த்தான். "யூதன் காசு எண்டால் குனிவான் எண்டு எறியிறது. நான் குனியிறனோ எண்டு பாக்கிறதுக்கு."

நாலு தடவை நான் குனிந்தேன். அவனுக்குப் பதிலாகக் குனிந்து, பொறுக்கி, கழுவி, அவனிடமே கொடுத்தேன். எனக்கு வந்த கோபத்தில் அவனையே ஏசினேன்.

"நான் தந்த அண்டைக்கே ஏன் சொல்லேல்லை? மூஞ்சையிலை எறிஞ்சிருக்க வேண்டியதுதானே?"

"நீங்கள் கழுவியிருந்தீங்கள்," என்றான். சால்வையைப் பழைய மடிப்பிலேயே மடித்தான். மன்னிப்புக் கேட்க எனக்கு இத்தாலியனில் ஒரு சொல் தெரியும், பஸ்ஸில் காலை மிதித்தால் சொல்வது. அதை அவனிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லவில்லை. பொழுது பட விரதம் தொடங்குமாம், அதற்குள் கிழவர்களிடம் இருக்க வேண்டும் என்று போய்விட்டான்.

சனிக்கிழமை தலைவர் கடிதத்தை உடைமாற்றும் அறைக்கே கொண்டுவந்தார். விளையாட்டுக்காரர் எல்லோருக்கும் முன்னால் நான் கையெழுத்து வைக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். சாட்சிக்கு ஆட்கள் வேண்டுமே. பேனையை மூடி கழற்றித் தந்தார்.

"பைக்குள்ளை துணி," என்றேன்.

"என்ன?"

"சால்வையும் சப்பாத்தும். நான் கண்ணாலை கண்டனான். காசில்லை."

"நீ காசெண்டு சொன்னனி."

"ஓம். பொய் சொன்னனான்."

"இப்பதான் பொய் சொல்லுறாய்."

"அண்டைக்குச் சொன்னதுதான் பொய். அண்டைக்கு நான் பைக்குள்ளை பாக்கேல்லை. நீங்களும் பாத்தனியோ எண்டு என்னைக் கேக்கேல்லை." என் குரல் எழும்பிவிட்டது. "அவனுக்குக் காசு எறியிறது ஏனெண்டு உங்களுக்குத் தெரியும்தானே? இஞ்சை எல்லாருக்கும் தெரியும். கூட்டுற எனக்கு மட்டும்தான் தெரியாது. நாலு தரம் விழுந்தது. ஒராள் வாய் திறந்தனீங்களோ?"

தலைவர் முகம் கறுத்துப்போய் நின்றார். இவன் எறிகிற பந்தைப் பிடிப்பவன், தடித்த கழுத்துக்காரன், தன் முழங்கால் கவசத்தின் பட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டே கேட்டான், "விரதம் எத்தனை மணிக்கு முடியும்?"

"இண்டைக்குப் பொழுது பட்டு இருட்டினாப் பிறகு," என்றேன்.

"அப்ப நாளைக்கு அவன் எறியட்டும்," என்றான். தலைவரைப் பார்த்துச் சொன்னான். "அவன் எறியாட்டி நான் பிடிக்கமாட்டன்."

அன்றைய ஆட்டத்தில் தோற்றார்கள். கேவலமாகத் தோற்றார்கள். அடிபட்ட பந்து வேலிக்கு வெளியே போகும்போதெல்லாம் படிகளில் இருந்தவர்கள் இல்லாதவனைத் தூசணத்தால் ஏசினார்கள். நான் கூட்டிக்கொண்டிருந்தேன். கடிதத்தைத் தலைவர் கிழித்தாரா, சட்டைப் பையில் வைத்தாரா தெரியாது. கையெழுத்து இல்லாத கடிதத்தை என்ன செய்ய முடியும்?

ஞாயிற்றுக்கிழமை, பந்து பிடிப்பவன் போய்க் கூப்பிட, அவன் வந்தான். தலைவர் தடுக்கவில்லை. கண் உள்ளே போயிருந்தது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுச் சப்பாத்துக் கட்டினான்.

கிழவர்களும் வந்தார்கள். இந்த முறை சுவரோரம் நிற்கவில்லை. உள்ளே வந்து முதல் வரிசையில் இருந்தார்கள். ஒன்பது பேர், கோட்டோடு. நான் எண்ணினேன். ஒன்பதுக்கு மேலும் ஆட்கள் இருந்தார்கள். இரண்டு மூன்று பெண்கள். அதில் ஒருத்தி சீசாவில் கொப்பி பேனை விற்கும் கடைக்காரி. நாலு வருடமாக அவளிடம் சாமான் வாங்குகிறேன். என்னைக் கண்டதும் கையைக் காட்டினாள்.

"நீ இஞ்சையோ வேலை?" என்று கேட்டாள்.

"ஓம். நீங்கள் இவையளோடையோ?"

அவள் ஒரு கணம் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு சத்தமாகவே சொன்னாள். "ஓம், இவையளிலை ஒராள். இண்டையிலையிருந்து வெளியிலை சொல்லலாமெண்டு நினைச்சிருக்கிறன்."

என் மனிதரும் வந்திருந்தார். நான் கூப்பிடவில்லை. கடைசிப் படியில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

இவன் மேட்டில் ஏறினான். மூன்றாவது தளத்துக்குப் பின்னால் இருந்தவர்கள் எழும்பினார்கள். காசு விழுந்தது. முந்தின நாட்களைவிட நிறைய. தோளில் ஒன்று பட்டது. அவன் அசையவில்லை. முதல் வரிசையில் இருந்த கைத்தடிக்காரர் எழுந்து நின்றார். மற்ற எட்டுப் பேரும் எழுந்தார்கள். சத்தம் போடவில்லை, நின்றார்கள், அவ்வளவுதான். கொப்பிக் கடைக்காரியும் எழும்பினாள்.

நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். மேட்டில் காசு கிடந்தால் எறிபவனுக்குக் கால் வழுக்கும். என் பக்கம் திரும்பி, கூட்டு என்று கையால் காட்டினார். தலைவரும் காட்டினார்.

நான் தும்புத்தடியோடு மைதானத்துக்குள் போனேன். மேட்டுக்குப் போகவில்லை. மூன்றாவது தளத்துக்குப் போய் அந்த வேலியில் தும்புத்தடியைச் சாத்தி வைத்தேன். பக்கத்தில் அள்ளுகிற தட்டையும் வைத்தேன்.

"எறிஞ்சவை வந்து கூட்டட்டும்," என்றேன்.

நடுவர் ஓடிவந்தார். "சின்யோரா, ஆட்டம் நிக்குது."

"நிக்கட்டும். நான் நாலு தரம் கூட்டினனான். காணும்."

படிகளில் கூவினார்கள். என் நிறத்தைச் சொல்லி, என் இனத்தை, என் தாயைச் சொல்லி ஏசினார்கள். தெரியாத சொற்களும் இருந்தன, அவையும் விளங்கின. தலைவர் வேலியோரம் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார், "நாளைக்கு நீ வரத் தேவையில்லை." சரி என்றேன். எங்கள் அணிக்காரர் ஒருவரும் மேட்டுக்குக் குனியப் போகவில்லை. பந்து பிடிப்பவன் நிலத்தில் உட்கார்ந்துவிட்டான். இவன் மேட்டில் காசுக்கு நடுவில் பந்தைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. நடுவர் எதிர்க் கழகத்துப் பொறுப்பாளரிடம் போனார். காசு எடுபடாவிட்டால் ஆட்டத்தை அவர்கள் தோற்றதாக எழுதுவேன் என்றார். வெள்ளைச் சேர்ட் போட்ட பெரிய வயிற்றுக்காரர் அவர். வேலியைத் திறந்துகொண்டு வந்து தும்புத்தடியை எடுத்தார். அதைப் பிடிக்கவே அவருக்குத் தெரியவில்லை. தலைகீழாகப் பிடித்தார்.

"மற்றப் பக்கம்," என்றேன்.

அவர் திருப்பிப் பிடித்துக் கூட்டினார். காசு மண்ணுக்குள் புதைந்திருந்தபடியால் குனிந்து கையாலும் பொறுக்க வேண்டியிருந்தது. அவர் குனிந்தபோது எங்கள் படிகளில் ஒருவர் கைதட்டினார். திரும்பிப் பார்த்தேன். என் மனிதர்.

அவன் எட்டுச் சுற்று எறிந்தான். ஒன்பதாவதில் களைத்துவிட்டான். ஒரு ஓட்டத்தால் தோற்றோம். மேல் பிரிவுக்குப் போகவில்லை. தோற்ற பிறகும் அந்தக் கிழவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். இவன் போய் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தான்.

அடுத்த நாள் நான் வேலைக்குப் போகவில்லை. என் சாமான்களை எடுக்க மட்டும் போனேன். அவன் அலுமாரி வெறுமையாக இருந்தது. வேறு கழகம் ஒன்று வடக்கில் எடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அலுமாரிக்கு மேலே பேணி அப்படியே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு தலைவருடைய அறைக்குப் போனேன். அவர் இல்லை. மேசையில், கோப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில், மூடியைத் திறந்து வைத்துவிட்டு வந்தேன்.

அவன் என்னை மன்னித்தானா என்று மனிதர் இடைக்கிடை கேட்பார். அவன் அதைச் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. என் தம்பியைக் காட்டித் தலையாட்டியவரை நான் மன்னிக்கவில்லை. பிறகு எந்த முகத்தோடு அவனிடம் கேட்பது?